நெடுந்தீவுக்குப் போன புல்

"புல்லில கால் வைக்காதேங்கோ…"

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கால் துறை விளிம்பிலும் மற்றக் கால் அந்தரத்திலுமாக அந்த இளைஞன் அப்படியே நின்றுவிட்டான். நெஞ்சோடு அணைத்தபடி, ஐஸ் வைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டி. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அப்ப எங்க வைக்கிறது? வள்ளம் முழுக்கப் புல்லாக் கிடக்கு."

அவன் சொன்னது உண்மைதான். சில்வெஸ்ரரின் சாமான் வள்ளத்தில் அன்று சீமெந்து இல்லை, சோடாப் பெட்டி இல்லை. முன்பக்கத்திலிருந்து இயந்திரப் பெட்டி வரை பச்சை… பச்சை மட்டும். வேரும் மண்ணுமாக வெட்டி, பாய் போலச் சுருட்டி, ஈரச் சாக்கால் மூடிய புல்லுச் சுருள்கள். அவற்றுக்கு நடுவே, சேற்றுக் கால்களோடு, இடுப்பில் கை வைத்தபடி பிரியவதனி நின்றாள்.

"அடுத்த வள்ளத்தில வாங்கோவன்."

"அடுத்தது பின்னேரம்தான். இதுக்குள்ள மாட்டுக்குத் தடுப்பூசி கிடக்கு. ஐஸ் கரைஞ்சு போகும்."

சில்வெஸ்ரர் குறுக்கே வந்தார். "பிள்ளை, இவர் எங்கட மிருக வைத்தியர், நிமலன் டொக்குத்தர். ஒரு ஓரமா இருத்துவம்."

மாட்டு டொக்குத்தரா… இவ்வளவு வடிவான கண்ணோடயா… என்று நினைத்தவள், உடனே தன்னைத் தானே கடிந்துகொண்டாள். கண்ணைப் பற்றி இப்போது யார் கேட்டது?

ஒரே ஒரு சுருளை நகர்த்தி ஒரு சாண் இடம் விட்டாள். அவன் பெட்டியை மடியில் வைத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். வள்ளம் புறப்பட்டது.

"நெடுந்தீவுக்கே புல்லுக் கொண்டு போறியள்?"

"ஓம்."

"விக்கவோ?"

"விரிக்க."

"அங்க குதிரையள் இருக்கிறது தெரியுமோ?"

"அந்த வீட்டு வாசலில படலை இருக்கெண்டும் தெரியும்."

சில்வெஸ்ரர் சுக்கானைப் பிடித்தபடி தனக்குள் சிரித்தார். அவனும் சிரித்திருப்பான். ஆனால் அந்த நேரம் ஒரு அலை வள்ளத்தின் பக்கத்தில் அறைந்தது. சாரல் எழும்பிச் சுருள்களின்மேல் விழுந்தது. பிரியவதனியின் முகம் வெளிறிப் போனது.

"உப்புத் தண்ணி பட்டால் கருகிப் போகும்…" யாருக்கும் சொல்லவில்லை. தனக்கே சொன்னாள்.

அடுத்த அலை வருமுன் அவன் எழும்பிவிட்டான். பெட்டியைச் சில்வெஸ்ரரின் காலடியில் தள்ளினான். பையிலிருந்த மழைக்கோட்டை உதறி விரித்து, காற்று வரும் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு அலை… இன்னொரு அலை… எல்லாம் அவன் முதுகில். நெடுந்தீவு தெரியும்வரை அவன் உட்காரவேயில்லை. மயிரிலிருந்து வழிந்த நீர் இமையில் தங்கி நின்றது. அந்த ஈரத்துக்குள்ளே, ஆழமில்லாத கடலில் வெயில் விழுந்தால் மணல் தெரியுமே, அந்த நிறத்தில் அவன் கண்கள்…

பிரியவதனி சாக்கைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே கரை வந்துவிட்டது.

*

சுவிஸில் முப்பது வருடம் இருந்து திரும்பிய அப்புத்துரை, நெடுந்தீவில் பெரிய வீடு கட்டியிருந்தார். வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒன்றும் இல்லை. போன வருடம் யாரோ வந்து புல் பதித்தார்களாம். மூன்று கிழமையில் எரிந்து போனதாம். இப்போது அந்த முற்றம் வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்புக் கல்லும் தூசுமாகக் கண்ணைக் குத்தியது.

"வெள்ளிக்கிழமை புது வீட்டுக் குடிபூரல், பிள்ளை. அண்டைக்குப் பச்சையா இருக்கவேணும்," என்றார் அப்புத்துரை.

"மழைக்குப் பிறகு பதிக்கிறது நல்லது ஐயா. இது புரட்டாதி."

"நாள் குறிச்சாச்சு. தண்ணிக்கு நான் பவுசர் வண்டி ஒழுங்கு செய்து தாறன்."

அவளால் மறுக்க முடியவில்லை. கடலுக்கு அக்கரையில், வேலணையிலுள்ள சாட்டித் தோட்டம் அவளுடைய அப்பா மார்க்கண்டுவின் புகையிலை நிலம். பதினான்கு மாதமாக அதில் புல் வளர்க்கிறாள். ஊரே சிரித்தது. "இந்த ஒரு வேலை சரிவராட்டில் திரும்பப் புகையிலைதான்," என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்னும் கனமாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி அக்காவும் இன்னும் நாலு பெண்களும் உதவிக்கு வந்தார்கள். செத்த புல்லின் வேரைக் கிளறி எடுத்தார்கள். நிலத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, எருவும் மண்ணும் பரப்பி மட்டம் பார்த்தார்கள். பிறகு பிரியவதனி முதல் சுருளை வைத்து மெல்ல உருட்டினாள்…

வெள்ளை நிலத்தின்மேல் பச்சை ஓடியது. செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி, விளிம்போடு விளிம்பு முட்ட, இரண்டு நாள். முடிந்தபோது அந்தப் பெண்கள் எல்லாரும் கிட்ட வந்து பார்த்தார்கள். ஞானசவுந்தரி அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல ஒரு கால் வைத்தாள்.

"இதென்ன பிள்ளை… குளிருது."

இதற்காகத்தானே பதினான்கு மாதம்… பிரியவதனி குனிந்து ஒரு விளிம்பைத் தடவினாள்.

அப்போதுதான் வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். வள்ளத்தில் சொல்லாமல் விட்ட நன்றியை இன்றைக்குச் சொல்லிவிடலாம்…

நிமலன் புல்லைப் பார்க்கவில்லை. மதிலோரம் நின்ற பவுசரைப் பார்த்தான்.

"உந்தப் பவுசர் எத்தினை நாளா இஞ்ச வருது?"

"முந்தநாள் தொடக்கம். ஏன்?"

"முந்தநாள் தொடக்கம் குதிரையளுக்குத் தண்ணி இல்லை." அவன் குரல் உயரவில்லை. "தெற்குப் பக்கத்துக் குளம் வத்திப் போச்சு. தொட்டியளுக்கு இந்த ஒரு பவுசர்தான் ஓடினது. இந்தக் கிழமை வேற வேலை எண்டு ட்றைவர் சொன்னவர். என்ன வேலை எண்டு இப்பதான் விளங்குது. இண்டைக்கு விடிய இரண்டு குதிரை செத்துக் கிடந்தது."

அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சுற்றிலும் ஐந்து பெண்கள் நின்றார்கள்.

"நான் வேலைக்கு வந்தனான். தண்ணியை நான் களவெடுக்கேல்லை."

"பச்சை பாக்கிறதுக்கு ஒரு உயிர் போகலாமெண்டால் வடிவா ஊத்தும்."

"குதிரைக்கு வைத்தியம் தெரிஞ்ச உங்களுக்கு மனிசரோட கதைக்கத் தெரியேல்லை."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். வள்ளத்தில் பார்த்த அதே கண்கள்தான். ஆனால் உள்ளே வெயில் இல்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

'ஊத்தும்' என்றானே… 'நீங்கள்' என்று சொல்லாமல் 'நீர்' என்று உரிமையாகக் கதைக்க இவனுக்கு யார் இடம் கொடுத்தது என்று நாள் முழுக்கப் பொருமினாள். பொருமி முடிந்த பிறகும் இரண்டு குதிரைகள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

*

அடுத்த நாள் பின்னேரம் ஞானசவுந்தரி அக்காவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு தெற்கே போனாள். கல்வேலிகள் முடிந்தன. பனைகள் முடிந்தன. அதற்கப்பால் வெளி… கடலைத் தொடும்வரை வெறும் வெளி.

அங்கேதான் அவள் முதன்முதலாகக் குதிரைகளைக் கண்டாள்.

நூறு இருக்கும்… அதற்கு மேலும் இருக்கும். மண்ணிறம், கருமை, சாம்பல். கடிவாளமில்லை, கயிறில்லை, யாருக்கும் சொந்தமில்லை. கடற்காற்றில் பிடரி பறக்க, எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன. இப்படி ஒன்று இந்தக் கடலுக்கு இந்தப் பக்கம், தன் வீட்டிலிருந்து இவ்வளவு கிட்ட, இத்தனை காலமும் இருந்ததா… சைக்கிளை உருட்டியபடி கிட்டப் போனாள். விலாவெலும்புகளை எண்ணலாம்போல இருந்தது. வற்றிய குளத்தின் சேறு ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது.

குளத்தடியில் நிமலன் முழங்காலில் இருந்தான். விழுந்து கிடந்த ஒரு குதிரையின் தலை அவன் மடியில். ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் வாளித் தண்ணீரை அள்ளி, அதன் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தான். குடிக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும், ஏதோ மெல்லச் சொல்வதும், மறுபடி அள்ளுவதும்… மனிதரோடு கதைக்கத் தெரியாதவன் என்று தான் சொன்னது நினைவு வந்து அவளைச் சுட்டது.

அவன் காணுமுன் திரும்பிவிட்டாள்.

அன்று இரவே அப்புத்துரையிடம் கேட்டாள். "ஐயா, பவுசரைக் குதிரையளுக்கு விடுவமே."

"வெள்ளி முடியட்டும், பிள்ளை. ஒரு நாள்தானே கிடக்கு."

ஒரு நாள்தானே என்று அவளும் படுத்தாள்.

*

வியாழன் விடியற்காலை. புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

இரும்புப் படலைக்கு வெளியே குதிரைகள்.

இருள் கலைகிற அந்த நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வீதி நிறைய நின்றன. ஈரத்தின் வாசம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது… கனைக்கவில்லை, முட்டவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மண்ணிறக் குதிரை, காலோடு ஒட்டியபடி அதன் குட்டி. அந்தத் தாய் படலைக் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தெறித்து இரும்பில் தங்கிய துளிகளை, ஒவ்வொன்றாக.

பிரியவதனியின் கையிலிருந்து குழாய் நழுவியது.

புல் பதித்து மூன்றே நாள். வேர் பிடிக்கவில்லை. ஒரு கடி கடித்தால் மண்ணோடு பெயர்ந்து வரும். இந்த முற்றத்தில் ஒரு முழம்கூட மிஞ்சாது. நாளைக்குக் குடிபூரல்… சாட்டியில் திரும்பப் புகையிலை… எல்லாம் தெரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் நடந்து போய்ப் படலையின் கொழுக்கியை இழுத்தாள்.

குதிரைகள் அவளைக் கடந்து உள்ளே வந்தன. அவற்றின் சூடு தோளில் பட்டது. மூச்சுக் கழுத்தில் பட்டது. ஒன்றுகூட அவளை இடிக்கவில்லை. பவுசர் நிரப்பிவிட்ட சீமெந்துத் தொட்டியில் முகம் புதைத்து அவை குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு புல்… தலை தாழ்த்தி, கண் மூடி, பதினான்கு மாதத்தை அவை தின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை வரவில்லை. ஏதோ பெரிய ஒன்றுக்குள் தன்னையும் சேர்த்துக்கொண்டதுபோல இருந்தது.

குதிரைகள் வீட்டுப் பக்கம் போய்விட்டன என்று கேள்விப்பட்டு நிமலன் வந்தான். யாராவது அடித்துவிடுவார்களோ என்று பதறி வந்திருக்கிறான். மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தவன், படலையடியில் அசையாமல் நின்றான். திறந்த படலை. உள்ளே குதிரைகள். நடுவில் அவள், நனைந்த பாவாடையோடு தொட்டிக்குக் குழாய் பிடித்தபடி… அந்தக் குட்டி அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

அவன் வாளியை எடுத்தான். அவள் குழாயைச் சரித்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் தண்ணீர் நிரப்பினார்கள்.

"நான் அண்டைக்குக் கதைச்சது…" என்று அவன் தொடங்கினான்.

"இப்ப கதைக்காதேங்கோ. வெருண்டு ஓடும்."

விறாந்தையில் அப்புத்துரை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கையில் ஒரு தடி இருந்தது. குதிரைகளை விரட்ட எடுத்தது. அதைச் சுவரோடு சாத்திவிட்டு மெல்லப் படியில் அமர்ந்தார்.

"முப்பது வருஷமா அங்கத்தைய ஆக்களுக்குப் படத்தில காட்டினனான், எங்கட ஊரில குதிரை இருக்கெண்டு," என்றார் தளதளத்த குரலில். "என்ர வாசலுக்கு வந்து நிக்குமெண்டு நினைக்கேல்லை."

வெயில் ஏறியதும் குதிரைகள் வந்த வழியே போயின. முற்றம் கிழிந்து கிடந்தது, பழையபடி வெள்ளையாக. பவுசர் அன்றே தெற்கே போனது. குடிபூரலுக்கு வந்தவர்களுக்கு அப்புத்துரை அந்த வெறும் நிலத்தைக் காட்டிக் காட்டிக் கதை சொன்னார். சாட்டிக்குத் தானே தொலைபேசியில் பேசினார். "மார்க்கண்டு அண்ணை, மழை தொடங்கத் திரும்பப் பதிக்கவேணும். உங்கட பிள்ளைதான் வரவேணும். தோட்டத்தில புகையிலையைக் கிகையிலையை வச்சிடாதேங்கோ."

*

சாட்டிக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு நாளும் நிமலனிடமிருந்து அவளுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. குட்டிக் குதிரையின் படம். குட்டி நிற்கிறது… குட்டி ஓடுகிறது… குட்டி முதல் மழையில் நனைகிறது. ஒரு தரமாவது, நீர் எப்பிடி இருக்கிறீர் என்று ஒரு வரி? இல்லை. படம் எடுக்கிற ஆளின் நிழலாவது விழுந்திருக்கிறதா என்று அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

கார்த்திகையில் இரண்டாவது தடவை புல் நெடுந்தீவுக்குப் போனது. மழை விட்டு விட்டுப் பெய்தது. பவுசர் தேவைப்படவில்லை. வானமே ஊற்றியது. தீவே வேறாக இருந்தது. குளங்கள் நிறைந்து, வெளியெல்லாம் தானாகப் புல் முளைத்து, இவ்வளவு பச்சை அந்த வெள்ளை நிலத்துக்குள் எங்கேதான் ஒளிந்திருந்ததோ என்று வியந்து வியந்து வேலை செய்தாள்.

மூன்றாம் நாள் நிமலன் வந்தான். காற்சட்டையை மடித்துவிட்டு, கேட்காமலே ஒரு சுருளைத் தூக்கினான்.

"கோணலா வைக்கிறியள், டொக்குத்தர்."

"நிலம் கோணல்."

"நிலம் நேர்தான். ஆள்தான் கோணல்."

ஞானசவுந்தரி அக்கா தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். போனவள் திரும்பி வரவேயில்லை. மழை வலுத்தது. கடைசிச் சுருள் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அவன் அதைத் தொடாமல், சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"இதை வாசியும்."

வாசித்தாள். வேலணைக்கு இடமாற்றம். கேட்டு வாங்கியிருக்கிறான். தை மாதத்திலிருந்து.

"ஏன்?" என்றாள்.

"வேலணைப் பக்கத்து மாடுகளுக்கு நோய், வருத்தம் கூடவாம்."

"எங்கட மாடுகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"மாடுகளுக்கு இல்லை… எனக்குத்தான்." மழை அவன் முகத்தில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. "ஒவ்வொரு நாளும் குட்டியைப் படமெடுத்து அனுப்புவன். உம்மட பேரை எழுதுவன், அழிப்பன். எழுதுவன், அழிப்பன். வேற என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை. மனிசரோட கதைக்கத் தெரியாதெண்டு நீர் சொன்னது சரிதான். அதுதான்… கிட்ட வந்திருந்தால் பழகிடலாமெண்டு கேட்டு வாங்கினனான். எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு, வதனி."

வதனி… வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர். அப்புத்துரை ஐயாவிடம் விசாரித்திருப்பான்.

படலைக்கு அப்பால் மழைக்குள்ளே குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. விலாவெலும்பு தெரியவில்லை. தோல் மினுங்கியது. அவள் அவற்றைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள்.

அவன் முகம் செத்துப்போனது. மெல்லத் தலையாட்டினான். கடிதத்தை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"குதிரையளை விட்டிட்டு வாற ஆளை நான் கட்டமாட்டன்."

அந்தச் சொல் அவனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அந்தக் கண்கள்… அவளால் அதற்குமேல் நேரே பார்க்க முடியவில்லை. குனிந்து கடைசிச் சுருளை உருட்டத் தொடங்கினாள்.

"அப்ப… விடாமல் இருக்கிற ஆளை?"

"அந்த ஆள் வந்து அப்பாவோட கதைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்குத்தான் அவர் வீட்டில நிப்பார்."

"நீர் அங்க, நான் இஞ்ச… பேந்து என்ன செய்யிறது?"

"இஞ்சயும் மழை பெய்யுது. இஞ்சயும் புல்லு வளரும். அப்புத்துரை ஐயா புல்லு வளர்க்கப் பின்வளவு நிலத்தைத் தாறனெண்டு போன கிழமையே சொன்னவர். நான்தான் ஓம் எண்டு சொல்லாமல் இருந்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கவேணுமெண்டு."

அவன் சிரித்தான். அவள் கையிலிருந்த கடிதத்தை உறையிலிருந்து உருவி மழையில் பிடித்தான். நீல மையில் இட்டிருந்த கையெழுத்துக் கரைந்து கடதாசி முழுக்கப் பரவியது.

"நாளைக்கே மாற்றம் வேண்டாமெண்டு இன்னொரு கடிதம் எழுதவேணும்," என்றான்.

"எழுதும்," என்றாள் வதனி.

அந்த ஒரு 'உம்'மில் இருந்த உரிமை அவளுக்கே பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சுருளின் மற்றப் பக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேருமாகக் கடைசி விளிம்பை மண்ணோடு அழுத்தினார்கள். மழை, கையையும் புல்லையும் ஒன்றாக நனைத்தது.